மூடாமல் விட்ட தொங்கல்கள்

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு மனிதரைத்தான் பழிவாங்கியிருக்கிறேன். குறை வைக்காமல் வாங்கினேன். ஒரு பொய்க் கையெழுத்துப் போடவில்லை, ஓர் எண்ணை மாற்றவில்லை, யாரையும் ஏவவில்லை. காலையில் செய்ய வேண்டிய வேலையைச் சில நாள் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான்.

முதலில் அவர் எனக்குச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்ட காலம். நான் புள்ளியியலில் முதுகலை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்கு நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கள்ளக்குறிச்சியில் அப்போது கணினியைப் படத்தில் பார்த்தவர்களே குறைவு. நான் கல்லூரியில் கண்ணாடி அறைக்கு வெளியே நின்று நிஜமாகவே பார்த்திருந்தேன். அந்த வேலை எனக்கென்றே செய்தது என்று நம்பினேன். முந்தின நாள் காலையிலேயே பஸ் ஏறினேன். உளுந்தூர்பேட்டை தாண்டித் திருநாவலூர் பிரிவு வரைக்கும் பஸ் போயிற்று. அங்கே சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் என் வயதுடைய ஓர் ஆள் கோடாலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் இறங்கிப் போய்க் கடிதத்தைக் காட்டினேன்.

“நாளைக்கு இன்டர்வியூங்க. கொஞ்சம் வழி விட்டா நடந்துபோய் அந்தப் பக்கம் வேற வண்டி பிடிச்சிக்குவேன்.”

“அந்தாண்ட போனா அங்க ஒரு மரம் கீது. அதுக்கும் அந்தாண்ட இன்னொண்ணு கீது. மெட்ராஸ் வரிக்கும் தாண்டிகினே போவியா?” என்றவன் கடிதத்தை வாங்கிப் பார்த்தான். “கவர்மெண்டு வேலையா? உங்க வூட்ல எத்தினி பேரு கவர்மெண்டுல கீறாங்க?”

“அப்பா. சித்தப்பா.”

“எங்க தெருவுல ஒரே ஒரு பியூன காட்டு. இந்த மரத்த நான் ஒண்டியா நகத்திட்றேன்.”

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், “சார் நம்ம சீட்டுல குந்தப் போறாருடா, துண்டு போட்டு வைங்கடா” என்றான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. மரத்தின் மேலிருந்தவன் கடிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்து, மேலே இரண்டு தட்டுத் தட்டினான். “பத்திரமா வெச்சிக்க சார்.”

வேறு தேதி கேட்டு அந்த அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை. அவன் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது என்று எனக்கு அன்றே தெரியும் என்று இப்போது எழுதிக்கொள்ளலாம். தெரியாது. என் நெஞ்சின்மேல் தட்டிய அந்தக் கைதான் தெரியும். தட்டச்சுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு விரல் பழக்கிய வருஷங்களில், கணினி மையத்தில் அரைச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்த வருஷங்களில், சட்டைப் பையில் பேனாவைச் செருகும்போதெல்லாம் அந்தத் தட்டு ஞாபகத்துக்கு வரும். அவன் நொடித்துப்போக வேண்டும், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். கோயிலுக்குப் போனால் வேறு வேண்டுதலே இல்லை.

பிறகு எங்கள் ஊர்க் கேபிள் டி.வி. முதலாளி ஒருவர் இன்டர்நெட்டும் கொடுக்க ஆரம்பித்தார். என்னைக் கூப்பிட்டு, “வாத்தியாரே, கம்பி இழுக்கறதுக்கு ஆளு கீது. கணக்குக்குத்தான் ஆளு இல்ல” என்றார். மணிக்கணக்கில் கட்டணம். யார் எவ்வளவு நேரம் இணைப்பில் இருந்தார்கள் என்பதைத் தரவுத்தளத்தில் சேர்த்து மாதக் கடைசியில் பில் எடுப்பது என் வேலை.

அந்த வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் நான் செய்தது புரியும். வாடிக்கையாளர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே வந்தால் தரவுத்தளத்தில் ஒரு வரி பிறக்கும். அதில் ஆரம்ப நேரம் இருக்கும். அவர் வெளியேறும்போது அதே வரியில் முடிவு நேரம் வந்து விழும். இடையில் சில நிமிஷத்துக்கு ஒருமுறை ‘இன்னும் இருக்கிறேன்’ என்று ஒரு சேதி வந்து பதியும். முடிவிலிருந்து ஆரம்பத்தைக் கழித்தால் கட்டணம். ஆனால் திடீரென்று கரண்ட் போனால் முடிவு நேரம் வராது. செத்தவன் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டா சாகிறான்? அந்த வரி திறந்தபடியே கிடக்கும். அதை நாங்கள் தொங்கல் என்போம். அந்த ஆள் மறுபடி எப்போது உள்ளே வருகிறாரோ, அந்த நேரத்தையே பழைய தொங்கலுக்கு முடிவாக எடுத்துக்கொள்ளும்படி நான் நிரல் எழுதியிருந்தேன். சோம்பலில் எழுதியது. சரியாகத் திருத்தி எழுதுவதற்குப் பதிலாக, தினமும் காலையில் வந்தவுடன் தொங்கல்களையும் நிரல் அப்படி நீட்டி மூடியவற்றையும் தேடி, கடைசியாக ‘இருக்கிறேன்’ என்று சேதி வந்த நேரத்தில் கொண்டுபோய்க் கையால் மூடிவிடுவேன். பல் தேய்ப்பது மாதிரி ஒரு காரியம். நான் அதைச் செய்கிறேன் என்பதுகூட முதலாளிக்குத் தெரியாது. அவருக்கு மாத மொத்தம் தெரிந்தால் போதும்.

எங்கள் ஊரில் தொங்கலுக்குப் பஞ்சமில்லை. கல்வராயன் மலையில் இடி இடித்தால் டவுனில் கரண்ட் போகும்.

அந்த வருஷங்களில் மறுபடியும் டி.வி. முழுக்க இடஒதுக்கீட்டுப் போராட்டம். இந்த முறை டெல்லியில், வேண்டாம் என்கிற பிள்ளைகள் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் புது இணைப்புக் கேட்டு ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு வாங்கிச் சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லோடு அனுப்புகிற மண்டிக்காரர். வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை, நரைத்த மீசை. படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டி.வி.யைப் பார்த்தார்.

“பாத்தீங்களா சார்? நாங்க ரோட்ல குந்தனப்போ லத்தியால வாங்கனோம். இவங்க குந்தனா தண்ணி பாட்டிலு குடுக்கறாங்க.” சிரித்தார். “எம் பொண்ணு இஞ்சினீரிங் படிக்குது சார். கோட்டாவுலதான் சீட்டு. அதுல இன்னா வெக்கம்? அதுக்குத்தான் இந்த நெட்டு. பாத்து கணக்கு போடுங்க.”

முன்பணத்துக்கு நான் கொடுத்த ரசீதைப் படித்தார், நாலாக மடித்தார். தன் பையில் வைக்கவில்லை. சில்லறையோடு சேர்த்து என் சட்டைப் பையில் திணித்து இரண்டு தட்டுத் தட்டினார்.

“நீங்களே வெச்சிக்கங்க சார், நான் தொலச்சிடுவேன். சில்லறைக்கு டீ குடிங்க. ரசீது பத்திரம்.”

முகத்தை எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. கை தெரிந்தது. அவர் போன பிறகும் என் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. பயமில்லை, சந்தோஷம். தேடிக்கொண்டிருந்த ஆடு தானாகவே பட்டிக்குள் வந்து நிற்கிறது. அவருக்கோ என்னைத் துளியும் ஞாபகமில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. என்னை அழித்தவனுக்கு நான் யாரோ.

அந்த மாதமே மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை அலுவலகத்துக்குப் போனால் அவர் தெரு முழுவதும் தொங்கல். முந்தின நாள் இரவு கரண்ட் போயிருக்கிறது. அரிசி ஆலைக்காரர் வீட்டுத் தொங்கலை மூடினேன். ஆசிரியர் வீட்டு வரியை மூடினேன். மண்டிக்காரர் வீட்டு வரிக்கு வந்தபோது கையை எடுத்துவிட்டேன். அந்தப் பெண் முன்னிரவில் உள்ளே வந்திருக்கிறது, கரண்ட் போனதும் படுத்துவிட்டது, விடியற்காலையில் எழுந்து மறுபடி உள்ளே வந்திருக்கிறது. நிரல் அந்த இரவு முழுவதையும் அதன் கணக்கில் எழுதி வைத்திருந்தது. நான் அதை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றைய டீயின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

அடுத்தடுத்த மழைக்கும் அப்படியே விட்டேன். முதல் பில்லுக்கு அவர் முனகிக்கொண்டே பணம் கட்டினார். “இன்னா சார், இவ்ளோ ஜாஸ்தியா கீது?” என்றார். “படிக்கிற பிள்ளைங்க அப்படித்தான் சார், நேரம் போறது தெரியாது” என்றேன். அவர் நோட்டுகளை ஈரவிரலால் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்ததும் அவர் இன்னும் எண்ண வேண்டும்போல் எனக்கு இருந்தது. பணத்தால் மட்டும் இந்த ஆளை நொடிக்க வைக்க முடியாது என்பதும் அப்போது புரிந்தது. மண்டியில் ஒரு லோடு ஏறினால் என் பில்லெல்லாம் தூசு.

இரண்டாம் மாத பில்லுக்கு அவர் நேரே வந்து மேஜைமேல் கையை ஊன்றி நின்றார். “விவரம் இன்னான்னு குடுங்க. எந்த நாளு, எந்நேரம்னு பாக்கணும்.”

அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் பணத்தைப் பார்க்கவில்லை. தேதிகளைப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். முகம் மாறிக்கொண்டே வந்தது.

“இந்த நாளு நான் மலைல கீறேன்,” என்றார். குரல் தாழ்ந்துவிட்டது. “மழைல பாதை அடைச்சிகிச்சி, லாரியிலயே படுத்தேன். இந்த நாளும் மலைலதான். இதுவும்தான். நான் வூட்ல இல்லாத நாளா பாத்து, விடிய விடிய…”

எனக்கு உடனே விளங்கியது. மழை பெய்தால் மலைப்பாதை அடைபடும், அவர் மேலே மாட்டிக்கொள்வார். அதே மழைக்குத்தான் கீழே டவுனில் கரண்ட் போகும், வரி தொங்கும். அவர் ஊரில் இல்லாத இரவுகளும் மகளின் கணக்கில் நீண்ட இரவுகளும் ஒன்றாக இருந்ததற்குக் காரணம் வானம். அவருக்கு அது தெரிய வழியில்லை. தன் தெரு அந்த இரவுகளில் இருட்டாக இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும். ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

“மெஷின் எழுதறது சார் அது,” என்றேன். “நாம எழுதறதில்ல.”

“ராத்திரி பூரா அப்படி இன்னா பாக்கும் சார் ஒரு பொண்ணு?”

இதற்கு நான் சொன்ன பதிலைத்தான் எத்தனையோ வருஷமாக வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருக்கிறேன்.

“யார்கிட்ட பேசறாங்க, என்ன பேசறாங்கன்னு நாங்க பாக்கக் கூடாதுங்க. வயசுப் பொண்ணு விஷயம். அது மரியாதையில்ல.”

அவர் தாளை மடித்தார். இந்த முறை தன் பையிலேயே வைத்துக்கொண்டார். “நெட்ட கட் பண்ணிடுங்க” என்று சொல்லிவிட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது கால் இடறியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். புளியமரத்தில் உட்கார்ந்திருந்தவன் எப்படிச் சுவரைப் பிடிக்கிறான் பார் என்று மனம் கூத்தாடியது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அல்வா வாங்கிப்போனேன். மனைவி என்ன விசேஷம் என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

சில நாள் கழித்து அந்தப் பெண் வந்தது. கூடத் தாயும் வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் அதுவரை அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை. ஒல்லியாக, பெரிய கண்ணாடி போட்டு, துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசியது.

“சார், அப்பா என்னக் காலேஜுக்கு அனுப்ப மாட்டேன்றாரு. கடைசி வருஷம் சார். ப்ராஜெக்ட் மட்டும்தான் பாக்கி.”

“நான் என்னம்மா செய்ய முடியும்?”

“அந்த ராத்திரிங்க எல்லாம் எங்க தெருவுல கரண்டே இல்ல சார். அம்மாவ கேளுங்க.”

வாசலிலிருந்து தாய் சொன்னாள்: “நான் சொன்னா நீயும் கூட்டான்றாரு. காகிதத்துல கீதே, காகிதம் பொய் சொல்லுமான்றாரு.”

“கரண்டு போனா முடிவு நேரம் வராதில்ல சார்? அப்ப நீங்க அத எப்படி முடிக்கறீங்க? எங்க தெருவுல மத்தவங்களுக்கும் இப்படித்தான் ராத்திரி பூரா வந்திருக்கா?”

நான் கணினித் திரையைப் பார்த்தேன். அந்தத் தெருவின் மற்ற வீடுகளெல்லாம் ஒரே நிமிஷத்தில் வரிசையாக மூடியிருந்தன. என் கைப்பட மூடியவை. ஒரு வீடு மட்டும் விடியும்வரை ஓடியது. திரையை அந்தப் பெண் பக்கம் திருப்ப ஒரு விரல் போதும்.

“அப்பாவ கூட்டிக்கிட்டு வாம்மா. கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்ககிட்டதான் காட்ட முடியும். விதி அப்படி.”

“அவரு வர மாட்டாரு சார். நீங்க ஒரு போன் பண்ணி ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும். களமருதூர்ல ஒரு எடம் வந்திருக்கு, பேசிக்கினு கீறாங்க. அதுக்குள்ள சொல்லணும் சார்.”

“பாக்கறேன்” என்றேன். அந்தப் பெண் நம்பிப் போனது. படி இறங்கும்போது தாயிடம், “பாக்கறேன்னுட்டாரும்மா” என்று சொன்னது காதில் விழுந்தது.

அவருடைய தொலைபேசி எண் எதிரிலேயே இருந்தது. எடுப்பேன் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. எடுக்கப் போகும்போதெல்லாம் கூட்டத்தின் சிரிப்புக் கேட்கும். துண்டு போட்டு வைங்கடா. கையைப் பின்னால் இழுத்துக்கொள்வேன். நான் போகாத நேர்காணலுக்கு யார் தொலைபேசி செய்தார்கள்? இன்னும் ஒரு வாரம் அவர் துடிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நாளைத் தள்ளினேன். துடித்தது அவர் மட்டுமில்லை என்பதை நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டேன். அது கஷ்டமாகவே இல்லை.

அந்த வாரம் முடிவதற்குள் அவர் பத்திரிகையோடு வந்து நின்றார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை.

“நீங்க கட்டாயம் வரணும் சார். நீங்க மரியாதையா சொன்னதாலதான் நான் சுதாரிச்சேன். வேற ஆளா இருந்தா ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிருப்பான்.”

என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. பழி வாங்கியவனுக்கு அது பழி என்று எதிராளிக்குத் தெரியவேண்டும் என்ற பசி இருக்கிறது. “சார், உங்கள முன்னாடியே தெரியும் எனக்கு” என்றேன். “திருநாவலூர் பிரிவு. புளியமரம்.”

அவர் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. “அந்த மரமா! அட, நீங்களும் அங்க மாட்டினீங்களா? எங்க போவறதுக்கு?”

“இன்டர்வியூவுக்கு.”

“போனீங்களா?”

“இல்ல.”

சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மன்னிச்சிக்கங்க சார். எத்தினி பேரோட பொழப்பு அங்க நின்னு போச்சோ. அந்தக் கோடாலிய தூக்கனப்போ இந்தப் பொண்ணு கைக்கொழந்த. இதுங்களாவது படிக்கட்டும்னுதான் வெட்டனோம்.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “சீட்டு கெடச்சிது. படிக்கவும் வெச்சேன். கொடுப்பினை இல்ல, நானே நிறுத்தற மாதிரி ஆயிடிச்சி.”

எழுந்து பத்திரிகையை என் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு தட்டு. “வந்துடுங்க சார்.”

என் வேண்டுதல் பலித்துவிட்டது. அந்த மரத்தை எதற்காக வெட்டினாரோ அதை நான் அவர் கையாலேயே வெட்ட வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்று பார்த்தும்விட்டேன். இதைவிடப் பெரிய பழி கிடையாது. அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து, அந்த வரிகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றையும் கரண்ட் போன நிமிஷத்தில் மூடினேன். இணைப்பைத் துண்டித்த கணக்கு அது. யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

கல்யாணத்துக்குப் போனேன். போகாமலிருந்தால் தெரிந்துவிடும் என்ற பயம். மொய் எழுதிவிட்டு மேடை ஏறினேன். பட்டுப்புடவையில் கண்ணாடி இல்லாமல் அந்தப் பெண் கண்ணை இடுக்கி என்னைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டது. மாப்பிள்ளையிடம், “இன்டர்நெட் ஆபீஸ் சாருங்க” என்றது. பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டது:

“பாத்தீங்களா சார்?”

“பாத்தேம்மா.”

“கரண்டுதானே?”

“கரண்டுதான்.”

போட்டோக்காரர் எல்லோரையும் தன் பக்கம் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். படம் எடுத்து முடிந்ததும் அந்தப் பெண் கண்ணைத் துடைக்காமல், மை கலைந்துவிடாமல் இருக்க மேலே பார்த்துக்கொண்டே சொன்னது: “அப்பாகிட்ட சொல்லுங்க சார். பந்தியாண்டதான் நிக்கறாரு. இப்பவாவது சொல்லுங்க. நான் தப்பு பண்ணலன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும்.”

சொல்வதாகத் தலையாட்டிவிட்டு இறங்கினேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே பாயச வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்தார்.

“சார், நின்னுகினு கீறீங்களே! டேய், சாருக்கு இங்க ஒரு எல போடு. தள்ளிக் குந்துப்பா, சாருக்கு எடம் வுடு.”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டார். இலை வந்தது. தண்ணீர் தெளித்தேன். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் பின்னாலிருந்து, “சாருக்கு இன்னும் வை, கம்மியா வெக்காத” என்று அதட்டிக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டேன். மேடை இருக்கும் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் அவரே பாயசம் ஊற்றினார். வழித்துச் சாப்பிட்டு முடித்ததும் மறுபடி வாளியைச் சாய்த்தார். போதுமென்று கையால் இலையை மறைத்தேன்.

“நல்லா இருந்திச்சா சார்?” என்றார்.

“நல்லா இருந்திச்சுங்க” என்றேன். அவரிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.